ஓஇடி ரைட்டிங்: மருந்தாளுநர்களுக்குக் கடிதத்தில் மட்டும் மார்க் ஏன் குறைகிறது?

தென்கரை

எல்லோருக்கும் வணக்கம். பி.ஃபார்ம் முடித்துவிட்டு சிவகங்கைப் பக்கம் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தில் பதிவு செய்து அங்கே வேலை பார்க்க வேண்டும் என்பது நீண்ட நாள் எண்ணம். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் ரிசல்ட் வந்திருக்கிறது. லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி. ரைட்டிங் மட்டும் 320, சி பிளஸ்ஸில் நின்றுவிட்டது. 350 இருந்தால்தான் பி.

இரண்டு கேள்வி. ஒன்று, நர்ஸ் வேலைக்குப் போன நண்பர் ஒருவர் "ரைட்டிங்கில் 300 வந்தாலே போதும்" என்கிறார். நமக்கும் அப்படித்தானா? இரண்டு, ரைட்டிங்கில் கேஸ் நோட்ஸ், அதாவது நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்துக் கடிதம் எழுதச் சொல்வார்கள். அதில் இருந்த எதையும் நான் விடவில்லை. கடிதம் 240 சொல் வந்தது. ஸ்பெல்லிங் பிழை அதிகம் இருந்திருக்காது. அப்படியும் ஏன் குறைந்தது என்று புரியவில்லை. இலக்கண வகுப்பு ஒன்றில் சேரலாம் என்று நினைக்கிறேன். சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மேகமூட்டம்

தம்பி, முதல் கேள்விக்கு உடனே பதில்: போதாது. உங்கள் நண்பர் சொல்வது என்எம்சி விதி. நர்ஸ்களையும் மிட்வைஃப்களையும் பதிவு செய்யும் அமைப்பு அது, அங்கே ரைட்டிங்கில் சி பிளஸ் ஏற்கிறார்கள். நம்மைப் பதிவு செய்வது ஜிபிஎச்சி. இங்கே நான்கு பகுதியிலும் பி வேண்டும், அதுவும் ஒரே தடவை எழுதியதில். அதற்கு அப்புறமும் வழி நீளம்: வெளிநாட்டு மருந்தாளுநர்களுக்கான ஓஸ்பாப் படிப்பு ஓராண்டு, 52 வாரப் பயிற்சி, கடைசியில் பதிவுத் தேர்வு. ஆரம்பத்திலேயே விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு காலத்தை வீணாக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கான பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. "எதையும் விடவில்லை" என்கிறீர்களே, மார்க் போனது அங்கேதான் என்று நினைக்கிறேன். வகுப்பறை சார் இதை இன்னும் நன்றாக விளக்குவார்.

வகுப்பறை

திருச்சியில் பல வருடமாக நர்ஸ்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் இந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மேகமூட்டம் சொன்னது சரி.

2019-லிருந்து ரைட்டிங்கை ஆறு அளவுகோல் வைத்துத் திருத்துகிறார்கள். கடிதம் எதற்காக எழுதப்பட்டது என்பது தெளிவாகத் தெரிகிறதா என்பதற்கு 3 மார்க். மற்ற ஐந்துக்கும் ஏழேழு: படிப்பவருக்குத் தேவையான செய்தி இருக்கிறதா, தேவையற்றதை விட்டுச் சுருக்கமாக எழுதியிருக்கிறதா, நடையும் தொனியும் பொருந்துகிறதா, பத்திகள் ஒழுங்காக அமைந்திருக்கின்றனவா, மொழி சரியாக இருக்கிறதா. இலக்கணமும் ஸ்பெல்லிங்கும் வருவது அந்தக் கடைசி ஒன்றில்தான். ஆறில் ஒன்றைத் திருத்திக்கொள்ள மூன்று மாத வகுப்பில் சேர்ந்துவிட்டு மற்ற ஐந்தைத் தொடாமல் விடுவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. ஸ்பீக்கிங்கில் பி வாங்கியவருக்கு இலக்கணம் பெரிய தடையாக இருக்காது.

180 முதல் 200 சொல் என்று கேள்வித்தாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். 210 ஆனால் யாரும் எண்ணிப் பார்த்து மார்க்கைக் குறைக்கப் போவதில்லை. ஆனால் 240 வந்தால், தேவையில்லாத ஏதோ உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். நோட்ஸில் எதை விடுவது என்று முடிவு செய்வதும் பரீட்சைதான். அதற்கென்றே வேண்டாத விஷயங்களையும் கலந்துதான் நோட்ஸைத் தயாரிக்கிறார்கள்.

அஜ்மான்

நான் வளைகுடாவில் இருக்கிறேன், நண்பர்கள் சிலர் இந்த வழியில் போனவர்கள். இவ்வளவு யோசிப்பானேன்? நல்ல டெம்ப்ளேட் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். முதல் பத்தி, கடைசிப் பத்தி இரண்டும் ரெடி. நடுவில் நோட்ஸை வரிசையாக நிரப்ப வேண்டியதுதான். இல்லையென்றால் ஐஈஎல்டிஎஸ் எழுதுங்கள், அதில் கேஸ் நோட்ஸ் தொல்லையே இல்லை.

வகுப்பறை

அஜ்மான், ஐஈஎல்டிஎஸ்ஸில் ஒவ்வொரு பகுதியிலும் 7 கேட்பார்கள். ரைட்டிங்கில் ஒரு வரைபடத்தைப் பார்த்து 150 சொல், அப்புறம் பொதுவான தலைப்பில் 250 சொல் கட்டுரை, எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். நகரமயமாக்கல் நல்லதா கெட்டதா என்று வாதாட நம் ஆட்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினைப் பற்றி எழுதச் சொன்னால் கையில் விஷயமாவது இருக்கும். மருந்தாளுநருக்கு ஓஇடியே மேல் என்பது என் அபிப்பிராயம்.

டெம்ப்ளேட் பற்றி: "டியர் டாக்டர்" என்ற விளிப்பும் கடைசியில் "யுவர்ஸ் சின்சியர்லி"யும் மனப்பாடமாக இருக்கலாம், அதில் தப்பில்லை. நடுவில் "வரிசையாக நிரப்புவது" என்றீர்களே, அதுதான் 320. வரிசை என்றால் நோட்ஸ் இருக்கிற வரிசை, அதாவது தேதி வரிசை. படிக்கிற டாக்டருக்கு இன்றைய பிரச்சினைதான் முதலில் வேண்டும்.

மட்டுநகரான்

வணக்கம், மட்டக்களப்பில் இருந்து. எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இங்கே மருந்தாளர் ஒருவர் டொக்டருக்குக் கடிதம் எழுதுகிற வழக்கமே கிடையாது. சந்தேகம் என்றால் நோயாளியிடம் கிளினிக் கொப்பியைக் கொடுத்து "டொக்டரிட்ட கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று அனுப்புவோம். மிஞ்சினால் ஒரு போன். அப்படியிருக்க, பரீட்சையில் திடீரென்று டொக்டருக்கு எழுது என்றால் கை எந்தத் தொனியில் எழுதும்? பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிய தொனிதான் வரும். "ரெஸ்பெக்டட் சேர், ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்" என்றுதான் என் முதல் கடிதங்கள் எல்லாம் தொடங்கின.

மேகமூட்டம்

மட்டுநகரான் அண்ணா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். எனக்குத் தெரிந்து நம்மவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஆங்கிலம் இல்லை. டாக்டரோடு சமமாக உட்கார்ந்து "இந்த மருந்தை மாற்றுவது நல்லது" என்று எழுதிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் நிற்கும்போது டாக்டர் எழுதியதைக் கொடுப்பதுதான் வேலை என்று ஆகிவிட்டது. அதனால் கடிதத்தில் தகவலை எல்லாம் கொட்டிவிட்டு, முடிவை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். என்ன கேட்கிறோம் என்பதே இருக்காது. இருந்தாலும் கடைசி வரியில் கூச்சத்தோடு ஒளிந்திருக்கும்.

நான் இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு கம்யூனிட்டி ஃபார்மஸியில் இருக்கிறேன். 2024 ஜனவரி கடைசியில் ஃபார்மஸி ஃபர்ஸ்ட் திட்டம் வந்தது. தொண்டை வலி, பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று, அக்கி உட்பட ஏழு நோய்களுக்கு நாங்களே பார்த்து மருந்து கொடுக்கலாம். பார்த்து முடித்ததும் நோயாளியின் ஜிபிக்கு, அதாவது குடும்ப டாக்டருக்கு, தகவல் போக வேண்டும். 2021-லிருந்து இன்னொன்றும் இருக்கிறது: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களின் மருந்துப் பட்டியல் எங்களுக்கு வரும், பழைய பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஜிபியைக் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டியது எங்கள் பொறுப்பு. இதெல்லாம் அன்றாட வேலை. எங்கள் வட்டாரத்து ஜிபி ஒருவர் நேரிலேயே சொன்னார், முதல் இரண்டு வரியில் என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால் அந்தக் கடிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவாராம். பரீட்சையில் கேட்பதும் அதையேதான்.

பார்ம்டி கவி

அக்கா, ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்களேன். கோவையில் ஃபார்ம்.டி படிக்கிறேன். வார்டு ரவுண்ட்ஸில் கேஸ் எழுதி எழுதிப் பழகிவிட்டதால் எனக்கு எல்லாத் தகவலுமே முக்கியமாகப் படுகிறது. எதை விடுவது என்றே தெரியவில்லை.

மேகமூட்டம்

சரி. இது நான் பயிற்சிக்காகக் கட்டிய நோட்ஸ், தேர்வில் வந்தது இல்லை.

நீங்கள் கம்யூனிட்டி ஃபார்மசிஸ்ட். 68 வயது அம்மா ஒருவர் மாதாந்திர மருந்து வாங்க வந்திருக்கிறார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சீரற்ற இதயத் துடிப்பு). வார்ஃபரின் 3 மில்லிகிராம், அம்லோடிபின் 5 மில்லிகிராம். கடைசி ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) 2.4, மூன்று வாரம் முன்பு. முழங்கால் தேய்மானம். பத்து நாளாக சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய வலி மாத்திரை இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. முன்கையில் கன்றிய தடங்கள், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். இன்று பிபி 148/90. பெனிசிலின் அலர்ஜி, சிறுவயதில் தடிப்பு. 1974-இல் குடல்வால் அறுவை சிகிச்சை. இருபது வருடம் முன்பு சிகரெட்டை விட்டவர். கணவர் இல்லை, தனியாக இருக்கிறார், மகன் கனடாவில். தோட்ட வேலை பிடிக்கும். நீங்கள் செய்தது: இபுப்ரோஃபெனை நிறுத்தச் சொன்னீர்கள், பாராசிட்டமால் சொன்னீர்கள், இன்றே டாக்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். கடிதம் யாருக்கு: அவருடைய ஜிபிக்கு.

எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள் என்று எல்லோரும் சொல்லுங்கள். ஆங்கிலத்தைப் பிறகு பார்க்கலாம்.

பார்ம்டி கவி

தோட்டம், கனடா, குடல்வால், சிகரெட் நான்கும் வேண்டாம். பெனிசிலின் அலர்ஜியை விட மனசு வரவில்லை. அலர்ஜியை எப்போதும் எழுத வேண்டும் என்றுதான் படித்திருக்கிறோம்.

தென்கரை

நான் தேர்வில் இருந்திருந்தால் எல்லாவற்றையும் எழுதியிருப்பேன். இப்போது பார்க்கிறபோது அலர்ஜியும் வேண்டாம் என்று தோன்றுகிறது. ஜிபி அவருடைய சொந்த டாக்டர்தானே, அவரிடம் ரெக்கார்டு இருக்குமே?

மேகமூட்டம்

அதேதான் தம்பி. படிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். அலர்ஜி, அம்லோடிபின், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் இருக்கும். நோயை ஒரு சொல்லில் நினைவூட்டினால் போதும். அவருக்குத் தெரியாதது சூப்பர்மார்க்கெட் இபுப்ரோஃபென், அந்தத் தடங்கள், ஈறில் ரத்தம், இன்றைய பிபி, நீங்கள் செய்தது. கடிதத்தின் உடம்பு இவைதான். பிபிக்கு ஒரு வரி கொடுக்கலாம், இபுப்ரோஃபென் அதையும் ஏற்றும் என்பதால்.

இப்போது அதே நோட்ஸ், அதே அம்மா, ஆனால் ரத்தம் நிற்கவில்லை, நீங்கள் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் டாக்டர் அவரை முதல் தடவையாகப் பார்க்கிறார். அங்கே அலர்ஜி கட்டாயம் வேண்டும். வார்ஃபரின் எதற்காக, எவ்வளவு, கடைசி ஐஎன்ஆர் எப்போது, எல்லாம் வேண்டும். கவி, அலர்ஜியை எப்போதும் எழுது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வார்டு ரெக்கார்டுக்கு. கடிதத்தில் ஆளைப் பொறுத்து மாறும்.

மட்டுநகரான்

தனியாக இருக்கிறார் என்பதை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. ரத்தம் கசிகிற ஒரு வயதான அம்மா, இரவில் விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. இது டொக்டருக்குத் தேவையான விஷயம்தானே?

வகுப்பறை

நல்ல வாதம். இருவருமே சரியாக இருக்க முடியும். "தனியாக வசிக்கிறார், மகன் கனடாவில் இருக்கிறார்" என்று வாழ்க்கைக் குறிப்பாக ஒரு பத்தியில் போட்டால் அது வீண். "தனியாக வசிப்பதால் இன்றே பார்ப்பது நல்லது" என்று கோரிக்கையோடு சேர்த்தால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. நோட்ஸில் இருக்கும் ஒரு தகவல் ஏன் உள்ளே வருகிறது என்பதை உங்கள் வாக்கியமே காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பார்ம்டி கவி

சுருக்கெழுத்து பற்றியும் சொல்லுங்கள். ஐஎன்ஆர், பிபி என்று போடலாமா? ஓடி, பிடி, டிடிஎஸ்?

மேகமூட்டம்

டாக்டருக்கு எழுதும்போது ஐஎன்ஆர் தாராளமாகப் போடலாம். அதை விரித்து எழுதினால்தான் விசித்திரமாக இருக்கும். ஓடி, பிடி, டிடிஎஸ் எல்லாம் நாளுக்கு எத்தனை வேளை என்பதைச் சீட்டில் சுருக்கி எழுதுகிறவை, கடிதத்தில் "நாளுக்கு மூன்று முறை" என்றே முழுதாக எழுதுங்கள். நோயாளிக்கோ அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ எழுதச் சொன்னால் கதையே வேறு. லெவோதைராக்ஸின் பற்றி ஒரு மகளுக்கு எழுதுகிறீர்கள் என்றால் "ஹைப்போதைராய்டிசம்" வரக் கூடாது, தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்று எளிய ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு தண்ணீரோடு, கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி, இப்படிச் செயலாகச் சொல்ல வேண்டும். இந்த நடைக்கு இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் இணையதளத்தில் மருந்துகளைப் பற்றிய பக்கங்களைத் தினம் ஒன்று படியுங்கள். அவ்வளவு சுத்தமான, பயமுறுத்தாத ஆங்கிலம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

தென்கரை

பயிற்சி எடுத்த இடத்தில் இந்த மாதிரி யாருமே சொல்லவில்லை. பணம் கட்டிய முதல் நாளே பதினைந்து மாதிரிக் கடிதங்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எழுதிய கடிதங்களில் இலக்கணத்தை மட்டும் சிவப்பில் சுழித்துத் திருப்பித் தந்தார்கள்.

இன்னொரு சந்தேகம். மொத்தம் 45 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் படிக்க மட்டும்தான், பேனாவைத் தொட முடியாது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

வகுப்பறை

நோட்ஸை மேலிருந்து படிக்காதீர்கள். கடைசியில் இருக்கும் ரைட்டிங் டாஸ்க்கை முதலில் படியுங்கள். யாருக்கு, எதற்காக என்பது அங்கேதான் இருக்கும். பிறகு மேலே வந்து நோட்ஸைப் படித்தால், "இது அவருக்கு வேண்டும், இது வேண்டாம்" என்று மனசுக்குள்ளேயே பிரியும். நாற்பது நிமிடம் இருநூறு சொல்லுக்குத் தாராளம், ஐந்து நிமிடம் திட்டமிட்டுவிட்டு எழுதினாலும் சரிபார்க்க நேரம் மிஞ்சும்.

மொழியில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மற்றதெல்லாம் பழகப் பழக வரும். நோட்ஸ் தந்தி மாதிரி இருக்கும்: "இபுப்ரோஃபென், பத்து நாள்". அதை வாக்கியமாக்கும்போது நம்மவர்கள் "ஷீ இஸ் டேக்கிங் இபுப்ரோஃபென் சின்ஸ் டென் டேஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். "ஷீ ஹேஸ் பீன் டேக்கிங் இபுப்ரோஃபென் ஃபார் டென் டேஸ்" என்று வர வேண்டும். மருந்தாளுநரின் கடிதத்தில் இந்த வாக்கியம் வராமலே இருக்காது, எப்போதிலிருந்து எடுக்கிறார் என்பதுதானே நம் தொழில். வினைச்சொல்லின் இந்த ஒரு காலத்தைத் திருத்திக்கொண்டாலே மொழிக்கான மார்க்கில் வித்தியாசம் தெரியும். "தி" போடுவதா வேண்டாமா என்ற சந்தேகம் இரண்டாவது. அதற்கு விதியைவிட வாசிப்புதான் மருந்து.

அஜ்மான்

சார், நான் டெம்ப்ளேட் பற்றிச் சொன்னதை முழுக்கக் கைவிடவில்லை. பதற்றத்தில் முதல் வரி வராமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் மேகமூட்டம் போட்ட நோட்ஸை இரண்டு ஆட்களுக்கு எழுதிப் பார்த்தேன். ஜிபிக்கு ஒன்று, அவசரப் பிரிவுக்கு ஒன்று. இரண்டும் பாதிக்குப் பாதி வேறு கடிதமாக வந்தது. இந்தப் பயிற்சியை என் நண்பர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

மேகமூட்டம்

அஜ்மான் அண்ணா, இதையே எல்லோரும் செய்யலாம். புது நோட்ஸ் தேடி அலைய வேண்டாம். ஓஇடி இணையதளத்திலேயே இலவசமாக மாதிரித் தாள்கள் கிடைக்கும். அவற்றை எழுதி முடித்ததும், உங்கள் கவுன்டரில் இன்று பார்த்த ஒரு சீட்டை எடுங்கள். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின் எடுப்பவருக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருக்கும். சேர்த்துக் கொடுக்கவே கூடாத ஜோடி அது. பெயரை எல்லாம் நீக்கிவிட்டு, அந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அனுப்ப வேண்டாம். "தயவுசெய்து பரிசீலிக்கவும்" என்று நழுவாமல், ஆன்டிபயாடிக் முடியும்வரை சிம்வாஸ்டாடினை நிறுத்தி வைக்கலாம், அல்லது ஆன்டிபயாடிக்கை மாற்றலாம் என்று நேராக யோசனை சொல்லுங்கள். பணிவு போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். "ஐ வுட் சஜெஸ்ட்" என்ற மூன்று சொல்லில் மரியாதையும் இருக்கிறது, உங்கள் படிப்பும் இருக்கிறது.

தென்கரை

அந்த 68 வயது அம்மாவின் கடிதத்தை எழுதினேன். முதல் பத்தியின் கருத்தைத் தமிழில் சொல்கிறேன்: "வார்ஃபரின் எடுத்துவரும் இவர், மருத்துவரின் ஆலோசனையைக் கேட்காமல், பத்து நாளாக இபுப்ரோஃபெனும் எடுத்துவருகிறார். ரத்தக்கசிவு அறிகுறிகள் தெரிகின்றன. இன்றே ஐஎன்ஆர் பரிசோதிக்கவும், முழங்கால் வலிக்கான மருந்தை மறுபரிசீலனை செய்யவும் கேட்டு எழுதுகிறேன்." அடுத்த பத்தியில் தடங்கள், ஈறு, பிபி. கடைசிப் பத்தியில் நான் செய்தது. மொத்தம் 170 சொல்தான் வந்தது. குறைவோ?

வகுப்பறை

குறைவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள்: "ஆலோசனையைக் கேட்காமல்". அது அந்த அம்மாவைக் குற்றம் சொல்கிற மாதிரி இருக்கிறது. கடையில் தாராளமாகக் கிடைக்கிற மாத்திரை, வலிக்கு வாங்கிப் போட்டிருக்கிறார். "கடையில் வாங்கிய இபுப்ரோஃபென்" என்றாலே டாக்டருக்குப் புரியும். நடைக்கான மார்க்கில் இதைப் பார்ப்பார்கள். மார்க்கை விடுங்கள், அந்தக் கடிதத்தை நாளை அவரே வாசிக்க நேரலாம்.

மேகமூட்டம்

முதல் பத்தி அருமை தம்பி, "இன்றே" என்ற சொல் சரியான இடத்தில் இருக்கிறது. கடைசிப் பத்தியில் ஒரு வரி சேருங்கள். பாராசிட்டமால் சொன்னீர்கள் அல்லவா, அதைத் தொடர்ந்து தினமும் எடுத்தால் அதுவும் ஐஎன்ஆரை ஏற்றலாம். ஆகவே வலி மருந்து மாறிய பிறகு ஒரு வாரத்தில் மறுபடி ஐஎன்ஆர் பார்க்க யோசனை சொல்லுங்கள். அதைச் சேர்த்தால் 190 சொல் ஆகிவிடும். திருத்தியதை முழுசாக ஆங்கிலத்தில் எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.